இறக்கை மரபணுவும் முற்றாத முட்டையும்: பழ ஈயின் ஆப்டரஸ்-4 பற்றிய நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

ஆப்டரஸ் என்ற மரபணுவின் பிறழ்ந்த வடிவங்களில் ஒன்று ஆப்டரஸ்-4. அதை இரு பிரதியாகக் கொண்டு கூட்டிலிருந்து வெளிவந்த பெண் பழ ஈயை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் முதலில் கண்ணில் படுவது மார்பின் இருபுறமும் உள்ள வெறுமைதான். இறக்கை இல்லை. பறக்கும்போது உடலை நிலைநிறுத்தும் ஹால்ட்டியர் குமிழ்களும் இல்லை. இரண்டு நாள் கழித்து வயிற்றைத் திறந்தால் அடுத்த குறை தெரியும். அதே வயதுள்ள சாதாரணப் பெண்ணில் இரண்டு அண்டகங்களும் முற்றிய முட்டைகளோடு வயிற்றை அடைத்துக்கொண்டிருக்கும். இவளுக்கு அண்டகம் சிறுத்து, ஒளி ஊடுருவும்படி கிடக்கும். முட்டைச் செல்களில் மஞ்சட்கருத் துகள் இராது. மூன்றாவது குறை, சில நாள்களிலேயே வரும் சாவு. நான்காவது, ஆணோடு விட்டாலும் இணைசேர்வது அரிது.

இறக்கையில்லாத இந்த வகையை 1914-இல் சார்லஸ் மெட்ஸ் முதலில் விவரித்தார். அப்போது அது குரோமோசோம் வரைபடத்தில் இன்னொரு அடையாளம், அவ்வளவுதான். அண்டகம், கொழுப்புத்திசு, ஆயுள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள் பட்டர்வொர்த்தும் ராபர்ட் கிங்கும். 1965-இல் ஜெனடிக்ஸ் இதழில் வந்த அவர்களுடைய கட்டுரைதான் இறக்கைக் குறையை இனப்பெருக்கக் குறையோடு ஒரே மரபணுவின் கீழ் நிறுத்தியது. லார்வாப் பருவத்துக் கொழுப்புத்திசு வளர்ந்த ஈயிலும் கரையாமல் தங்கிவிடுவதையும் அவர்கள் குறித்தார்கள். இந்த ஒரு குறிப்பே ஹார்மோன் பக்கம் கவனத்தைத் திருப்பப் போதுமானதாக இருந்தது. சாதாரண ஈயில் அந்தக் கொழுப்புச் செல்கள் முதல் சில நாள்களில் கரைந்து, இடத்தை வளர்ந்த ஈயின் கொழுப்புத்திசுவுக்கு விட்டுவிடும்.

அன்றிலிருந்து எளிதாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம் ஒன்று உண்டு: இறக்கைக் குறை மரபணுவின் நேரடி வேலை, மற்றவை எல்லாம் பூச்சி ஹார்மோன்களில் ஒன்றான ஜுவனைல் ஹார்மோன், சுருக்கமாக ஜே.ஹெச்., பற்றாக்குறையின் விளைவு. இந்த விளக்கத்தில் மஞ்சட்கருவைப் பற்றிய பகுதி மட்டுமே சோதனையில் உறுதியாக நிற்கிறது. சாவுக்கும் இணைசேராமைக்கும் அதையே காரணமாகச் சொல்வது சரியல்ல. ஏன் என்பதும், ஆய்வகத்தில் இதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதுமே கீழே வருபவை.

மரபணு என்ன செய்கிறது

ஆப்டரஸ் இரண்டாம் குரோமோசோமின் வலது கரத்தில், மையத்துக்கு மிக அருகில், 41எஃப் பகுதியில் இருக்கிறது. 1992-இல் ஸ்டீபன் கோஹன் குழுவும் ஜான் தாமஸ் குழுவும் தனித்தனியே இதைக் குளோன் செய்தன. விடை, லிம்-ஹோமியோடொமைன் வகை டிரான்ஸ்கிரிப்ஷன் காரணி, அதாவது பிற மரபணுக்களை இயக்கும் புரதம். தனித்து வேலை செய்யாது. சிப் என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து, இரண்டு ஆப்டரஸ், இரண்டு சிப் என்று நால்வராகக் கூடித்தான் டி.என்.ஏ.வில் செயல்படும். மனிதனில் இதற்கு இணையான எல்.ஹெச்.எக்ஸ்.2 மரபணுவை ஈக்குள் செலுத்தினால் ஆப்டரஸ் குறையை ஈடுகட்டுகிறது என்று 1999-இல் காட்டினார்கள்.

லார்வாவில் பின்னர் இறக்கையாக வளரும் செல் தொகுதியான இறக்கைத் தட்டில் இது மேற்புறச் செல்களில் மட்டும் இயங்கி, ஃபிரிஞ்ச், செரேட் ஆகிய மரபணுக்களை இயக்கி, மேற்புறமும் கீழ்ப்புறமும் சந்திக்கும் கோட்டில் நாட்ச் சமிக்ஞையைக் கிளப்புகிறது. அந்தக் கோடுதான் இறக்கையின் விளிம்பு. கோடு உருவாகாவிட்டால் இறக்கை இல்லை. இது பாடநூல்களில் விரிவாக உண்டு. இங்கே இவ்வளவு போதும்.

இந்த நிகழ்வுக்கு முக்கியமானது வேறு: மரபணு இறக்கையோடு நிற்பதில்லை. கருவில் சில தசைகளிலும், நடு நரம்பு மண்டலத்தில் ஒவ்வொரு கண்டத்திலும் ஒருசில இடைநரம்புகளிலும், மார்புக் கண்டங்களில் எஃப்.எம்.ஆர்.எஃப்.அமைடு என்ற நியூரோபெப்டைடைச் சுரக்கும் நரம்புகளிலும் அது இயங்குகிறது. அந்த மார்பு நரம்புகளில் பெப்டைடு மரபணு முழு அளவில் இயங்க ஆப்டரஸ் வேண்டும். ஆகவே இது மூளைக்கும் சுரப்பிக்கும் இடையிலான பேச்சிலும் தலையிடக்கூடிய மரபணு. மேலும் இறக்கைத் தட்டில் இதை இயக்கும் ஒழுங்குப் பகுதிகள் மரபணுவின் மேல்புறத்தில் தனியாக இருக்கின்றன. எனவே இறக்கை எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை வைத்து அண்டகம் எவ்வளவு கெட்டிருக்கும் என்று கணிக்க முடியாது. வெவ்வேறு அல்லீல்களை, அதாவது ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களை, ஒப்பிட்ட தாமஸ் வில்சனின் 1980-களின் தொடக்கப் பணிகள் இந்தப் பிரிவைத்தான் பேசின. குறையுள்ள ஈக்களை இறக்கையை வைத்துத் தரம் பிரிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

முட்டை எங்கே நிற்கிறது

பழ ஈயின் ஒவ்வொரு அண்டகத்திலும் ஏறத்தாழ 16 முதல் 20 அண்டக்குழல்கள். ஒவ்வொரு குழலிலும் நுனியில் கூடுகள் உருவாகும் இடமான ஜெர்மேரியம், அதன் பின் வரிசையாக முட்டைக் கூடுகள். ஒரு கூட்டில் 16 இனச்செல்கள்: 15 செவிலிச் செல்கள், 1 முட்டைச் செல். சுற்றிலும் ஃபாலிக்கிள் செல்களின் உறை. வளர்ச்சியை 14 நிலைகளாகப் பிரிப்பது வழக்கம். 7-ஆம் நிலைவரை மஞ்சட்கரு இல்லை; 8-இல் முதல் துகள்கள்; 10-இல் முட்டைச் செல் கூட்டின் பாதியை நிரப்பிவிடும்; 11-இல் செவிலிச் செல்கள் தம் உள்ளடக்கத்தை முட்டைக்குள் கொட்டும்; 14-இல் முதுகுப்புற இழைகள் இரண்டும் நீண்டு முட்டை தயார்.

மஞ்சட்கருப் புரதங்கள் மூன்று, மூன்றின் மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில். ஏறத்தாழ 45 முதல் 47 கிலோடால்டன் எடை. கொழுப்புத்திசுவும் ஃபாலிக்கிள் செல்களும் இவற்றை உண்டாக்குகின்றன. ஈயின் இரத்தத் திரவமான ஹீமோலிம்ஃப் வழியே வந்தவற்றை முட்டைச் செல் யோக்லெஸ் என்ற ஏற்பி மூலம் உள்ளிழுத்துக்கொள்கிறது. ஆக, இரண்டு வேலைகள்: உற்பத்தி, உள்ளிழுப்பு. இரண்டும் ஒரே கட்டளையில் நடப்பதில்லை என்பதே இந்த நிகழ்வின் சாவி.

1970-களின் பிற்பாதியில் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் போஸ்டல்த்வெயிட்டும் கூட்டாளிகளும் சாதாரணப் பெண் ஈக்களைக் கூட்டிலிருந்து வெளிவந்தவுடன் மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே இறுக்கிக் கட்டி, தலை, மார்பின் சுரப்பிகளிலிருந்து வயிற்றைப் பிரித்தார்கள். தனித்த வயிற்றில் மஞ்சட்கரு சேரவில்லை. தோலுரிப்பு ஹார்மோனான 20-ஹைட்ராக்சி எக்டைசோன் கொடுத்தால் ஹீமோலிம்ஃபில் மஞ்சட்கருப் புரதம் ஏறியது, ஆனால் முட்டைச் செல்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஜே.ஹெச். போலியான மெத்தோபிரீனைத் தடவியபோது புரதமும் வந்தது, முட்டைச் செல்களும் நிரம்பின. கொழுப்புத்திசுவை இரண்டு ஹார்மோன்களும் தூண்டலாம். முட்டைச் செல்லின் கதவைத் திறப்பது ஜே.ஹெச். தான்.

ஹார்மோனைச் சுட்டும் மூன்று சான்றுகள்

முதலாவது அண்டக மாற்று. ஆப்டரஸ்-4 பெண்ணின் அண்டகத்தை எடுத்து சாதாரணப் பெண்ணின் வயிற்றில் வைத்தால் அது மஞ்சட்கருவைச் சேர்த்து வளர்கிறது. கிங்கும் போடன்ஸ்டைனும் 1965-இல் செய்தது இது. அண்டகத்தின் செல்களுக்குள் ஆப்டரஸ் இல்லாமை ஒரு தடையே அல்ல. குறை அண்டகத்துக்கு வெளியே, அது மிதக்கும் திரவத்தில் இருக்கிறது.

இரண்டாவது ஹார்மோன் ஈடு. 1973-இல் போஸ்டல்த்வெயிட்டும் வைசரும் ஆப்டரஸ்-4 பெண்களுக்கு ஜே.ஹெச். கொடுத்தார்கள், முட்டைச் செல்களில் மஞ்சட்கரு சேர்ந்தது. 1976-இல் காவினும் வில்லியம்சனும் இதே முடிவை எட்டினார்கள்.

மூன்றாவது சுரப்பியின் உற்பத்தி. 1991-இல் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் டேனியல் செகல் குழுவும் வட கரோலினாவின் லாரன்ஸ் கில்பர்ட் குழுவும் சேர்ந்து ஜே.ஹெச். சுரக்கும் கார்ப்பஸ் அல்லாட்டம் சுரப்பியை ஈக்களிலிருந்து வெளியே எடுத்து, கதிரியக்க மெத்தியோனினில் ஊறவைத்து, எவ்வளவு ஹார்மோன் உண்டாகிறது என்று அளந்தார்கள். ஜே.ஹெச். மூலக்கூறின் மெத்தில் எஸ்டர் முனைக்கு மெத்தில் குழு வருவது மெத்தியோனினிலிருந்து என்பதால், ட்ரிட்டியம் ஏற்றிய மெத்தில் அப்படியே உற்பத்திக் கணக்கைச் சொல்லிவிடும். ஆப்டரஸ் குறையுள்ள ஈக்களின் சுரப்பிகளில் உற்பத்தி வெகுவாகக் குறைவு. பழ ஈயின் சுரப்பி வெளியிடுவதில் பெரும்பங்கு சாதாரண ஜே.ஹெச்.-3 அல்ல, இரண்டு எபாக்சைடு வளையங்கள் கொண்ட பிஸ்எபாக்சைடு வடிவம். 1989-இல்தான் அது அடையாளம் காணப்பட்டது. ஜே.ஹெச்.-3 ஒன்றை மட்டும் அளந்துவிட்டு இல்லை என்று அறிவிப்பவர்கள் கணக்கில் பெரும்பகுதியைத் தொலைக்கிறார்கள்.

இலக்கு உறுப்பு நலம், ஹார்மோன் கொடுத்தால் குறை தீர்கிறது, சுரப்பியின் உற்பத்தி குறைவு. உட்சுரப்பியலில் ஒரு ஹார்மோனைக் காரணமாக நிறுத்த இந்த மூன்றும் வேண்டும். மஞ்சட்கரு விஷயத்தில் மூன்றும் பொருந்துகின்றன.

சாவும் சேர்க்கையும்: பொருந்தாத இரண்டு

ஜே.ஹெச். இல்லாமையே சாவுக்குக் காரணம் என்றால், வேறு வழியில் அந்த ஹார்மோனை நீக்கினாலும் ஈ சீக்கிரம் சாக வேண்டும். பிரவுன் பல்கலைக்கழகத்தில் மார்க் டாட்டரின் குழு 2013-இல் வளர்ந்த பெண் ஈக்களின் கார்ப்பஸ் அல்லாட்டத்தை மரபியல் வழியில் அழித்துப் பார்த்தது. முட்டையிடல் குறைந்தது; ஆயுளோ கூடியது. ஆப்டரஸ்-4 நேர் எதிர்த் திசையில் போகிறது. வளர்ந்த பருவத்தில் ஹார்மோன் இல்லாமை ஈயைக் கொல்வதில்லை. ஆக, ஆப்டரஸ்-4-இன் சாவுக்குக் காரணத்தை இந்த மரபணு இயங்கும் பிற இடங்களில், நரம்பு மண்டலத்திலும் தசையிலும் தேடுவதே நியாயம். 50 ஆண்டுப் பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு ஜே.ஹெச். பற்றாக்குறையால் ஈ செத்தது என்று இன்றும் எழுதுவது சோம்பல்.

இணைசேர்வது இதைவிடச் சிக்கல். 1991-இல் ஜான் ரிங்கோவும் செகல் குழுவும் ஜே.ஹெச். குறைந்த ஆப்டரஸ் பெண்கள் ஆணுக்கு இணங்குவதில்லை என்று காட்டினார்கள். ஹார்மோனுக்கு இதில் பங்கு உண்டு என்பதை 2013-இல் ரிடிஃபோர்ட், லெவின் குழுக்களின் வேலை உறுதிசெய்தது: சுரப்பி அழிக்கப்பட்ட பெண்கள் முதல் இணைசேர்வைத் தாமதப்படுத்தினார்கள். தாமதம் என்பதைக் கவனிக்க வேண்டும். முற்றான மறுப்பு அல்ல. பின்னர் 2017-இல் லிஸ்பனில் வாஸ்கான்செலோஸ் குழு வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆப்டரஸ் இயங்கும் மூளை நரம்புகளைச் செயலிழக்கச் செய்தபோது பெண்களின் இணக்கம் குறைந்தது. ஆண் பின்தொடரும்போது பெண் நடையைத் தளர்த்துவது இந்த நரம்புகளைச் சார்ந்திருந்தது. அந்த நரம்புகள் டபுள்செக்ஸ், ஃபுரூட்லெஸ் என்ற பால்நிர்ணய மரபணுக்களைக் கொண்டவையும் அல்ல. இங்கே நரம்புகள் அடக்கப்பட்டனவே தவிர, மரபணு கெடுக்கப்படவில்லை. ஆனாலும் ஆப்டரஸ் குறையுள்ள பெண்ணின் மறுப்பை முழுக்க ஹார்மோன் கணக்கில் எழுத முடியாது என்பதற்கு இது போதும்.

ஆண்களின் பக்கம் இன்னும் குழப்பம். காதலாட்டத்தில் ஆண் ஒரு இறக்கையை விரித்து அதிரவைத்துப் பாடும்; இறக்கையே இல்லாதவன் எப்படிப் பாடுவான்? ஆகவே ஆப்டரஸ் ஆண்களின் தோல்வியைச் சாதாரண ஆண்களோடு ஒப்பிடுவது வீண். ஒப்பீடு இறக்கை வெட்டிய சாதாரண ஆண்களோடு இருக்க வேண்டும். வெட்டி ஒருநாளாவது கழிந்திருக்க வேண்டும்.

ஆய்வகச் செயல்முறை

ஆப்டரஸ்-4 ஈக்களின் வளர்ப்பு இருப்பை கர்லி பேலன்சரோடுதான் வைத்திருக்க வேண்டும். பேலன்சர் என்பது பிறழ்வு இருப்பிலிருந்து தொலையாமல் காக்கும் மாற்றியமைத்த குரோமோசோம்; கர்லி அதன் அடையாளமான சுருண்ட இறக்கை. பேலன்சர் இருபிரதியாக வந்தால் வளர்ந்த ஈயாகாது. எனவே ஆப்டரஸ்-4/கர்லி பெற்றோரைத் தமக்குள் சேர்த்தால் வெளிவரும் வளர்ந்த ஈக்களில் மூன்றில் ஒரு பங்கு இறக்கையற்றவை, மீதி சுருண்ட இறக்கை கொண்டவை. நடைமுறையில் மூன்றில் ஒன்று கிடைக்காது. ஈரமான உணவில் ஒட்டிச் சாவதே முதல் காரணம், அதைப் பின்னர் பார்ப்போம்.

பழைய இருப்புகளில் அதே குரோமோசோமில் வேறு பிறழ்வுகளும் சேர்ந்திருக்கும். ஆப்டரஸ்-4/ஆப்டரஸ்-4 ஒன்றை மட்டும் வைத்து எழுதிய முடிவை ஏற்கக் கூடாது. ஆப்டரஸ்-4/ஆப்டரஸ்-56எஃப் போன்ற வேறு மூலத்திலிருந்து வந்த அல்லீலோடு சேர்த்தோ, 41எஃப் பகுதியை நீக்கிய குரோமோசோமோடு (டெஃபிஷியன்சி) சேர்த்தோ அதே முடிவு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு குழாய்க்கு 10 பெண், 5 ஆண் போட்டு, 24 மணிக்கு ஒருமுறை புதுக் குழாய்க்கு மாற்றினால் முட்டை அடர்த்தி கட்டுக்குள் இருக்கும். 40 முதல் 60 முட்டைக்கு மேல் போனால் லார்வாக்கள் பட்டினியில் சிறுத்து, அண்டக்குழல்களின் எண்ணிக்கையே குறைந்துவிடும். 25 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம், 12 மணி வெளிச்சம். பத்தாம் நாளளவில் ஈக்கள் வெளிவரும்.

சேகரிப்பு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. இங்கே புதியவர்கள் வழக்கமாக வழுக்குவது: கூட்டைவிட்டு அப்போதுதான் வந்த எந்த ஈக்கும் இறக்கை விரிந்திருக்காது, மடிந்து, கருத்த சிறு மொட்டாக இருக்கும். அதை ஆப்டரஸ் என்று எடுத்து வைப்பவர்கள் உண்டு. ஹால்ட்டியரைப் பாருங்கள், அது சாதாரண ஈயில் முதல் நிமிடத்திலிருந்தே தெரியும். சந்தேகம் என்றால் ஒரு மணி நேரம் தனியே வைத்து மீண்டும் பாருங்கள். வெளிர் நிறமும் வயிற்றில் தெரியும் பச்சைப் புள்ளியும் வயதை உறுதிசெய்யும்.

பிரித்த பெண்களை 5 பேராக, மேற்பரப்பு உலர்ந்த உணவுள்ள கண்ணாடிக் குழாய்களில் போட்டு, வடிதாள் பட்டை ஒன்றைச் செருகி, குழாயைப் படுக்கவைக்க வேண்டும். இறக்கை இல்லாத ஈ வழுக்கி விழுந்தால் எழுவதில்லை. தூவிய உலர் ஈஸ்ட் போதும். ஈஸ்ட் பசை வேண்டாம், அதில்தான் அதிகம் ஒட்டுகின்றன. சாதாரண ஒப்பீட்டுக் குழுவுக்கும் இதே உணவு, இதே கிடைநிலை. ஒரு குழுவுக்கு ஈஸ்ட் பசையும் இன்னொன்றுக்கு உலர் ஈஸ்ட்டும் கொடுத்துவிட்டு அண்டகத்தை ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது உணவை, மரபணுவை அல்ல.

உணவைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. புரதம் குறைந்த உணவில் சாதாரணப் பெண்ணின் முட்டையிடல் 60 மடங்கு குறைகிறது என்று டிரம்மண்ட்-பார்போசாவும் ஸ்பிராட்லிங்கும் 2001-இல் காட்டினார்கள். அதில் கூடுகள் சிதைவது ஜெர்மேரியத்திலும் 8-ஆம் நிலையிலும். ஆப்டரஸ்-4-இல் தடை விழுவதும் அந்த 8-ஆம் நிலை வாசலில்தான். சாகப்போகிற ஈ சாப்பிடுகிறதா என்று பார்க்காமல் ஹார்மோனைக் குற்றம் சொல்ல முடியாது. உணவில் நீல உணவுச்சாயத்தைக் கலந்து, தனியே ஒதுக்கிய சில பெண்களுக்கு 12 மணி நேரம் கொடுத்து, வயிற்றில் நீலம் தெரிகிறதா என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டினி போட்ட சாதாரணப் பெண்களும் ஒரு குழுவாக இருக்கட்டும். இன்சுலின் சமிக்ஞை தளர்ந்தால் ஜே.ஹெச். உற்பத்தியும் தளரும் என்பதால், பட்டினியும் ஹார்மோன் குறையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கக்கூடியவை.

மெத்தோபிரீன் தடவுதல்

10 மில்லிகிராம் மெத்தோபிரீனை 1 மில்லிலிட்டர் அசிட்டோனில் கரைத்தால் ஒரு மைக்ரோலிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதைப் பத்து மடங்காக இருமுறை நீர்த்தால் மூன்று கரைசல்கள். ஈ ஒன்றுக்கு 0.1 மைக்ரோலிட்டர் வீதம் வயிற்றின் அடிப்புறத்தில் தடவினால் மருந்தளவு 1, 0.1, 0.01 மைக்ரோகிராம். நான்காவது குழுவுக்கு வெறும் அசிட்டோன். கனஅளவு 0.2 மைக்ரோலிட்டரைத் தாண்டினால் அசிட்டோனே பலவீனமான ஆப்டரஸ் ஈக்களைக் கொல்லும். அப்போது மருந்து கொன்றதா, கரைப்பான் கொன்றதா என்று தெரியாது. வெளிவந்த 4 மணி நேரத்துக்குள் தடவ வேண்டும். பிந்தினால் ஈக்கு மீதமிருக்கும் ஆயுள் மஞ்சட்கரு சேர்வதைப் பார்க்கப் போதாது.

மயக்கத்துக்குக் கரியமில வாயு 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பனிக்கட்டியில் வைப்பதானால் தட்டின் மேல் உலர்ந்த வடிதாள் வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் படிந்து மருந்து பரவிவிடும்.

மெத்தோபிரீன் பிளாஸ்டிக்கில் ஒட்டும், ஆவியாகப் பக்கத்துக் குழாய்க்கும் போகும். இந்தச் சோதனையைப் பாழாக்கும் பிழைகளில் முதலிடம் இதற்கே. அறிகுறி எளிது: வெறும் அசிட்டோன் தடவிய ஆப்டரஸ்-4 பெண்களிலும் மஞ்சட்கரு தெரியும். அந்தத் தொகுப்பை முழுவதுமாகத் தூக்கி எறிய வேண்டியதுதான். தடுக்க: எல்லாம் கண்ணாடி, ஒப்பீட்டுக் குழுவைத் தனி இன்குபேட்டரில் வையுங்கள், தடவும் வரிசை அசிட்டோன் முதலில், பிறகு குறைந்த அளவிலிருந்து கூடிய அளவுக்கு, ஒவ்வொரு அளவுக்கும் தனி ஊசி. அசிட்டோன் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் திறந்து வைத்த குப்பியில் செறிவு மணிக்கு மணி ஏறும். குப்பியை இறுக மூடிப் பனிக்கட்டியில், வெளிச்சம் படாமல் வையுங்கள். வேலை நாளுக்குப் புதிதாக நீர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து ஏற்பி வழியாகத்தான் வேலை செய்தது என்று காட்ட வேண்டுமானால் மெத்-27 பிறழ்வைப் பயன்படுத்தலாம். ஆப்டரஸில் உழைத்த அதே தாமஸ் வில்சன் 1986-இல் மெத்தோபிரீனுக்கு அசராத ஈக்களைத் தேடிப் பிடித்ததிலிருந்துதான் மெத் மரபணு வெளிச்சத்துக்கு வந்தது, அது ஜே.ஹெச். ஏற்பியே என்று பின்னர் தெரிந்தது. மெத்-27 பின்னணியில் அதே மருந்தளவுக்கு ஈடு குறைந்தால் நல்ல சான்று. குறையாவிட்டால் அவசரப்படக் கூடாது: கெஸ் என்ற, மெத்தை ஒத்த ஏற்பி பல இடங்களில் மெத்தின் வேலையை ஏற்றுக்கொள்ளும்.

அண்டகத்தை எடுத்து எண்ணுதல்

தடவிய 48 மணிக்குப் பின் பாஸ்பேட் உப்புக் கரைசலில் அண்டகங்களை எடுத்து, டங்ஸ்டன் ஊசியால் குழல்களைப் பிரிக்க வேண்டும். 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 20 நிமிடம், மூன்று கழுவல், உட்கருவின் டி.என்.ஏ.வை ஒளிரவைக்கும் சாயமான டாபியில் (மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம்) 10 நிமிடம், மீண்டும் கழுவி கிளிசராலில் ஏற்றலாம். குழுவுக்கு 15 முதல் 20 பெண்கள்.

நிலையைக் கூட்டின் நீளத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். ஆப்டரஸ்-4-இல் கூடுகள் எல்லாமே சற்றுச் சிறியவையாக இருக்கும். முட்டைச் செல்லில் ஒளி ஊடுருவாத துகள்கள் தெரிந்தால் 8. ஃபாலிக்கிள் உறையிலிருந்து பிரியும் எல்லைச் செல்கள் நகரத் தொடங்கி, முட்டைச் செல் கூட்டின் மூன்றில் ஒரு பங்கானால் 9. பாதியானால் 10ஏ. செவிலிச் செல்களின் உட்கருக்கள் சுருங்கி, டாபியில் பளிச்சென்று துண்டுகளாகத் தெரிந்தால் அது சிதையும் கூடு. நிலைக் கணக்கில் சேர்க்காமல் தனி வரிசையில் எழுதுங்கள். நிற்பதும் சிதைவதும் வேறு வேறு. சாதாரணப் பெண்ணில்கூட 9-ஆம் நிலையில் ஒரு சோதனைச்சாவடி உண்டு: 20-ஹைட்ராக்சி எக்டைசோனை ஏற்றினால் அந்த நிலையிலுள்ள கூடுகள் சிதையும் என்று சோலர், பவுன்ஸ், குப்ளி 1999-இல் காட்டியிருக்கிறார்கள். தடை 8-இல் இல்லாமல் 9-இல் குவிந்தால் சிக்கல் ஜே.ஹெச். முழுப் பற்றாக்குறை அல்ல, இரண்டு ஹார்மோன்களின் விகிதம் என்று ஐயப்பட வேண்டும்.

புள்ளியியலில் ஓர் எச்சரிக்கை. ஒரு பெண்ணில் 30-க்கு மேல் குழல்கள் இருப்பதால் 10 பெண்களில் 300 மாதிரிகள் என்று எண்ணத் தோன்றும். அலகு பெண், குழல் அல்ல. மேலும் எண்ணுபவருக்கு எந்தக் கண்ணாடி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. இறக்கையே மரபணு வகையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அறுப்பவரும் எண்ணுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பதே வழி.

எல்லாப் பெண்களும் கன்னிகளாக இருக்க வேண்டியதும் இங்கேதான். இணைசேர்வின்போது ஆண் தரும் 36 அமினோ அமிலச் செக்ஸ் பெப்டைடு கார்ப்பஸ் அல்லாட்டத்தைத் தூண்டி ஜே.ஹெச். உற்பத்தியைக் கூட்டும். உடன்பிறந்த கர்லி பெண்கள் இணைசேர்ந்துவிட்டு, ஆப்டரஸ் பெண்கள் கன்னிகளாக இருந்தால் ஒப்பீடே கோணலாகிவிடும்.

உள்ளிழுப்பையும் உற்பத்தியையும் பிரிக்க ஹீமோலிம்ஃபைப் பார்க்க வேண்டும். 20 பெண்களின் மார்பில் நுண்ணூசியால் குத்தி, அடியில் துளையிட்ட சிறு குழாயில் போட்டு, அதை இன்னொரு குழாயில் வைத்து 4 டிகிரியில் 5,000 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றினால் கீழே தெளிந்த துளி சேரும். புரதங்களை எடைப்படி பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் 45 முதல் 47 கிலோடால்டன் இடத்தில் நெருங்கிய மூன்று பட்டைகள் தெரியும். பக்கத்து வரிசையில் ஆண்களின் துளி இருந்தால் அவற்றில் அந்தப் பட்டைகள் இராது. ஹீமோலிம்ஃபில் புரதம் ததும்பி முட்டையில் இல்லை என்றால் கோளாறு உள்ளிழுப்பில். இரண்டிலும் இல்லை என்றால் ஹார்மோன் அல்லது உணவு. நீலச்சாயக் குறிப்பு அங்கே கைகொடுக்கும். துளி கலங்கியிருந்தால் குடல் கிழிந்திருக்கிறது, அந்த மாதிரியை விடுங்கள்.

சுரப்பியா, மூளையா

ஜே.ஹெச். குறைந்ததற்குக் காரணம் சுரப்பிச் செல்லிலேயே உள்ளதா, அதற்குக் கட்டளையிடும் நரம்பிலா என்ற கேள்விக்கு முழு உடலிலும் மரபணு கெட்ட ஈ பதில் சொல்லாது. ஆர்.என்.ஏ. குறுக்கீட்டின் மூலம் ஆப்டரஸை ஓரிடத்தில் மட்டும் அடக்க வேண்டும். எந்தச் செல்களில் அடக்குவது என்பதைத் தீர்மானிப்பது கால்-4 ஓட்டுநர், அதாவது குறிப்பிட்ட செல்களில் மட்டும் இலக்கு மரபணுவை இயக்கும் செருகல். கார்ப்பஸ் அல்லாட்டத்துக்கு வழக்கமாக எடுக்கும் ஆகஸ்ட்-21 கால்-4 ஓட்டுநர் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இயங்கும், எனவே ஜே.ஹெச்.ஏ.எம்.டி. கால்-4 போன்ற இரண்டாவது ஓட்டுநரோடும் அதே முடிவு வர வேண்டும். நரம்புக்கு எலாவ் கால்-4. ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு நொதியான டைசர்-2 சேர்த்தால் அடக்கம் கூடும். கரு, லார்வாப் பருவப் பாதிப்பைத் தவிர்க்க கால்-4-ஐக் குளிரில் மட்டும் தடுக்கும், வெப்பநிலை சார்ந்த கால்-80-ஐச் சேர்த்து, 18 டிகிரியில் வளர்த்து, வேண்டிய பருவத்தில் 29 டிகிரிக்கு மாற்றலாம். 18 டிகிரியில் வளர்ச்சி கிட்டத்தட்ட இருமடங்கு நாள் பிடிக்கும். அண்டக வளர்ச்சியும் வெப்பநிலைக்கேற்ப மாறும். ஆகவே ஒப்பீட்டுக் குழுவும் அதே மாற்றத்தை அதே மணியில் பெற வேண்டும்.

ஆப்டரஸ் கால்-4 ஓட்டுநரை இந்த வேலைக்கு எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பரவலாகப் புழங்கும் எம்.டி.-544 செருகல் ஆப்டரஸ் மரபணுவுக்குள்ளேயே விழுந்து அதைக் கெடுத்திருக்கிறது. அந்த ஓட்டுநர் ஒரு பிரதி உள்ள பெண் ஏற்கெனவே ஆப்டரஸில் பாதி இழந்தவள். இரு பிரதி என்றால் இறக்கையே இராது. எனவே இணக்கச் சோதனையிலோ அண்டக எண்ணிக்கையிலோ, ஓட்டுநர் இல்லாத ஈயை மட்டும் ஒப்பீடாக வைத்தால் வித்தியாசத்தின் ஒரு பங்கு ஓட்டுநரின் சொந்தக் குறையாக இருக்கும். ஓட்டுநர் உண்டு, இலக்கு மரபணு இல்லை என்ற குழுவும், இலக்கு உண்டு, ஓட்டுநர் இல்லை என்ற குழுவும் இரண்டும் கட்டாயம். மறுபக்கம், இதே கெட்ட செருகலை ஆப்டரஸ்-4-க்கு எதிரே வைத்தால் குறையுள்ள ஈயும் ஓட்டுநரும் ஒரே உடலில் கிடைக்கும்; அதில் சாதாரண ஆப்டரஸைத் திருப்பிக் கொடுத்து, மஞ்சட்கரு, ஆயுள், இணக்கம் மூன்றில் எது எது திரும்புகிறது என்று தனித்தனியே எண்ணலாம்.

அந்த எண்ணிக்கையிலும் ஆயுளை முட்டையிடாத பெண்களோடுதான் ஒப்பிட வேண்டும். முட்டையிடுவதே ஈயின் ஆயுளைக் குறைக்கும் வேலை என்பதால், மஞ்சட்கரு திரும்பிய பெண் சீக்கிரம் சாவதைப் பார்த்து மரபணு ஈடுகட்டவில்லை என்று எழுதிவிட வாய்ப்புண்டு.